பெயர் மாற்றப்பட்டுள்ளது

சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையில் நான் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். இதுவரை நானூறு ஆய்வேடுகளுக்கு மேல் டைப் அடித்து, பைண்டிங் செய்து, அட்டையில் தங்க எழுத்து பதித்துக் கொடுத்திருப்பேன். இறால் பண்ணை, மண்வளம், கூட்டுறவுச் சங்கம், சங்க காலப் பறவைகள் என்று எல்லாவற்றிலும் எனக்கு அரைகுறை ஞானம் உண்டு. அடிக்கும்போது விரல்தான் வேலை செய்யும், மனசு வீட்டுக்கு என்ன காய் வாங்கிப் போவது என்று யோசித்துக்கொண்டிருக்கும். அப்படி இல்லாவிட்டால் இந்தத் தொழிலில் பைத்தியம் பிடித்துவிடும். ஒரே ஒரு ஆய்வேட்டில் மட்டும் என் விரல் நின்றுபோனது. அதை எழுதியவர் இளவரசு.

கடலூர் முதுநகருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் அவர் உபதேசியார். குப்பம் முழுக்க இந்துக்கள். கிறிஸ்தவர்கள் ஏழே வீடு, அதில் ஒன்று இவருடையது. உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்தலாம், பிரசங்கம் செய்யலாம், சாவு வீட்டில் ஜெபிக்கலாம். ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுக்க முடியாது. அதற்குக் குருப்பட்டம் வாங்கிய போதகர் வேண்டும், அவரை ஐயர் என்பார்கள். அந்த ஐயர் டவுனிலிருந்து மாதம் ஒருமுறை வருவார், அதுவும் மழை பெய்தால் வரமாட்டார். தன் ஏழு வீட்டுக்குத் தானே ஐயராக வேண்டும் என்பதுதான் இளவரசுவின் ஒரே ஆசை. ஆனால் அவர்கள் சபையில் இறையியல் பட்டம் இல்லாதவருக்குக் குருப்பட்டம் கிடையாது. அதற்காக முப்பத்தெட்டு வயதில் படிக்க வந்தார், முதல் வகுப்பில் தேறினார். 2012 தை மாதம், குருப்பட்டாபிஷேகத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, எனக்குக் குருப்பட்டம் வேண்டாம் என்று பேராயருக்கு இரண்டே வரியில் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். ஏன் அப்படி எழுதினார் என்பதைச் சொல்ல, அவர் சபையில் இருப்பவர்களைவிட எனக்குத்தான் கடமை அதிகம். காரணம் போகப் போகத் தெரியும்.

சிதம்பரத்தில் அப்போது ஒரு சின்ன இறையியல் கல்லூரி இருந்தது. ஏற்கெனவே சபை ஊழியத்தில் இருப்பவர்களுக்கு முதுகலைப் பட்டம், தமிழிலேயே படிக்கலாம். ஊழியக்காரர்களுக்குச் சனி, ஞாயிறு ஒழியாது என்பதால் திங்களும் செவ்வாயும் வகுப்பு. கடலூரிலிருந்து வரும் ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று அப்போது பெயர்த்துப் போட்டிருந்தார்கள். மனுஷன் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார். கடலில் துடுப்புப் போட்ட உடம்பு, என் கடையின் பிளாஸ்டிக் நாற்காலி அவர் உட்கார்ந்தால் முனகும். 2008 ஜூலையில் முதல் தடவை வந்தபோது ஒரு நீளமான நோட்டை நீட்டி, "இதுல கிரேக்க எழுத்து வரும், அடிப்பீங்களா?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"ஃபான்ட் இருந்தா தேவலோக பாஷையே அடிப்பேன்" என்றேன்.

"அது தெரிஞ்சா எனக்கும் சொல்லிக்குடுங்க, அடுத்த செமஸ்டர்ல எபிரேயம் வருதாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. எபிரேயத்துக்கு என்னிடம் எழுத்து இல்லை. இடம் விட்டு அடித்துக் கொடுப்பேன், அவர் என் மேசையில் உட்கார்ந்து கறுப்பு மையில் ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிப்பார். அடுத்த வாரம் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போவார். விலங்கியல் மாணவிகள் இரண்டு நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கு அவர் சொல்லித் தெரியவில்லை. ஒருமுறை கருவாடு வாங்குகிற சாக்கில் அவர் குப்பத்துக்குப் போயிருந்தபோது ஆளாளுக்குச் சொன்னார்கள். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை இளவரசு ரோட்டோரம் இருந்த சபையில் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு நடுவே ஆராதனை நடத்திக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுக் கடல் பக்கம் ஓடினார். அன்றும் மறுநாளும் முப்பத்தோரு உடல்களைத் தூக்கியதில் அவர் தோள் இருந்தது. பிறகு நிவாரண முகாமில் நான்கு மாதம். ஆலோசனை சொல்ல ஜீப்பில் வந்தவர்கள் படிவத்தை நிரப்பிக்கொண்டு போனார்கள். இளவரசு ஜெபமும் பண்ணவில்லை, வசனமும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். எந்த வீட்டுக்காரர் குடித்துவிட்டு அழுதாலும், எந்தப் பெண் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாலும் "இளவரச கூப்புடு" என்றுதான் சொல்வார்களாம். மாரியம்மன் கோயில் தர்மகர்த்தாவே தன் மகனை இழந்த கதையை இவரிடம்தான் முழுசாகச் சொன்னார். அந்தப் பேர்தான் சபையின் காதுக்கு எட்டி, இவரைப் படிக்க அனுப்பியது.

இப்படிக் கேட்கத் தெரிந்த ஆளுக்குக் கேட்பது எப்படி என்று கல்லூரியில் பாடம் நடத்தினார்கள். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிற விஷயம் அது.

அந்தப் பாடத்தில் 'வெர்பாட்டிம்' என்று ஒன்று உண்டு. ஊழியர் துக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் போய்ப் பேச வேண்டும். அங்கே எதையும் குறித்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்கு வந்து அன்றைக்கே, நினைவிலிருந்து, ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். அவர் சொன்னதற்கு ஒரு எண், நாம் சொன்னதற்கு ஒரு எண். இடையில் மௌனம் இருந்தால் மௌனம், அழுகை இருந்தால் அழுகை. கடைசியில் 'என் செயல்பாடு பற்றிய மதிப்பீடு' என்று தனக்குத் தானே ஒரு பத்தி. அதை வகுப்பில் படிப்பார்கள், மற்றவர்கள் அலசுவார்கள். சம்பந்தப்பட்டவர்களின் பெயரை மாற்றிவிட வேண்டும் என்பது கண்டிப்பான விதி. ஆய்வேட்டுக்கு இப்படிப் பத்து வேண்டும். இளவரசு ஆழிப்பேரலையில் பிள்ளையை இழந்த தாய்மாரை எடுத்துக்கொண்டார். ஒன்பது எழுதிவிட்டார். பத்தாவது கிடைக்காமல் 2009 டிசம்பரில் அலைந்துகொண்டிருந்தார்.

பொன்னி அவர் குப்பத்துக்காரி, தங்கச்சி முறை. அவள் வீட்டுக்காரர் பூவராகனும் இளவரசுவும் ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போய் வளர்ந்த மச்சான்கள். பொன்னிக்கு ஏழு வயசில் ஒரு மகள், கைக்குழந்தையாக ஒரு மகன். அலை வந்தபோது மகள் போய்விட்டாள், மகன் பிழைத்தான். அலை பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்று ஊருக்குத் தெரியும், பூவராகனுக்கும் அதுதான் தெரியும். ஐந்து வருஷமாக அவள் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. முகாமில் இளவரசு எத்தனையோ நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் வாய் திறக்காதவள். அந்த டிசம்பரில் ஒரு மத்தியானம் அவள் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தபோது இவர் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு என்ன நினைத்தாளோ, சொல்லிவிட்டாள்.

நான் அதை அடித்தது 2010 மார்ச்சில். எண்பத்து நான்காம் பக்கம். பெ என்றால் பெண், ஊ என்றால் ஊழியர்.

பெ 6: தலை பின்னிக்கினு இருந்தேன். ஒரு பக்கம் பின்னிட்டேன். இன்னொரு பக்கம் ரிப்பன் எடுக்கறதுக்குள்ள வந்துடுச்சி.

ஊ 6: ம்.

பெ 7: இடுப்புல அவன், கையில இவ. வேப்ப மரத்த ஒரு கையாலதான் புடிக்க முடிஞ்சது.

ஊ 7: (மௌனம்)

பெ 8: அல புடுங்கல அண்ணா. நான்தான் வுட்டேன். கைய நான்தான் தொறந்தேன். அவ என் மொகத்த பாத்துக்கினே போனா.

கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். எனக்கும் அப்போது ஆறு வயசில் பெண் இருந்தாள். திரும்பி வந்து பார்த்தால், தலை பின்னியதைச் சொல்லும் அந்த ஆறாவது வரியைச் சுற்றி அவர் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருந்தார். மறுநாள் வந்தபோது கேட்டேன்.

"இத எடுத்துடலாமான்னு யோசிக்கறன் மணி" என்றார். "மூணா நாளு அந்தப் பொண்ண ஒத்தப் பின்னலோடதான் கண்டெடுத்தோம். ரொம்ப அடையாளமா இருக்குது."

"அடையாளம் இருந்தாத்தான உயிரு. அத எடுத்துட்டா இது வெறும் ரிப்போர்ட்டு. பேரத்தான் மாத்திட்டீங்களே, அப்புறம் என்ன?" என்றேன்.

சொல்லிவிட்டு, என் ரப்பரால் அந்தப் பென்சில் கோட்டை நானே அழித்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ படிச்சவன் சொல்ற" என்றார். நான் பி.காம். பெயில்.

எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அந்தக் கோபத்தில் முதல் பங்கு எனக்குத்தான். பட்டணத்தில் ஒருத்தி பெயரை மாற்றினால் அவளை யாருக்கும் தெரியாது. நூற்று எண்பது வீடு இருக்கும் குப்பத்தில் பெயரை மாற்றி என்ன பிரயோஜனம்? அங்கே யாரையும் பெயரை வைத்தா அடையாளம் கண்டுகொள்கிறார்கள்? எந்தப் பிள்ளை எந்தச் சட்டையோடு கிடைத்தது, எது எந்த மரத்தடியில் கிடைத்தது என்று ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். கடலோரத்திலேயே பிறந்த இளவரசுவுக்கு இது தெரியாதா? தெரியும். புத்தகத்தில் விதி என்று அச்சடித்திருந்ததை அவர் தன் மூளையைவிடப் பெரிதாக நம்பிவிட்டார். படிப்பின்மேல் அவ்வளவு மரியாதை.

ஆய்வேடு முதல் பரிசு வாங்கியது. கல்லூரி முதல்வருக்குப் பெருமை தாங்கவில்லை. சபை நடத்தும் மாதப் பத்திரிகைக்கு அதிலிருந்து மூன்று பக்கம் கொடுக்கலாமா என்று இளவரசுவிடம் கேட்டார், இவரும் சரி என்றார். பத்தாவது வெர்பாட்டிமைத்தான் எடுத்தார்கள். 2010 டிசம்பர் இதழ், ஆழிப்பேரலையின் ஆறாம் ஆண்டு நினைவு. மேலே இளவரசு கோட்டுப் போட்ட போட்டோ, அதன் கீழே குப்பத்தின் பெயர். அடியில் சின்ன எழுத்தில் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது'. எனக்கு ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கோட்டு இரவல் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தன் ஏழு வீட்டுக்கும் என்று எட்டுப் பிரதி வாங்கிக்கொண்டு போனார். ஒன்று மிச்சம் இருந்தது, அதைக் குப்பத்துப் படிப்பகத்தில் கொண்டுபோய்த் தன் கையால் வைத்தார்.

அங்கே அதை எடுத்தவர் பூவராகன்.

நடந்ததை இளவரசு எனக்குப் பிறகு சொன்னார். பூவராகனுக்கு மச்சான் படத்தைப் பார்த்ததும் சந்தோஷம். வலை பின்னிக்கொண்டிருந்த நாலு பேரைக் கூப்பிட்டு, "டேய், நம்ம இளவரசு போட்டோ வந்துகீதுடா, கோட்டுலாம் போட்டுக்கினு" என்று உட்கார வைத்து, சத்தமாகப் படித்துக் காட்ட ஆரம்பித்திருக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள். ஒரு பக்கம் பின்னிட்டேன் என்கிற இடத்தில் குரல் இறங்கியிருக்கிறது. அடுத்த இரண்டு வரியை வாய்விட்டுப் படிக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. சுற்றி இருந்த நாலு பேரும் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவர்களுக்கும் புரிந்துவிட்டது.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு நேராக இளவரசு வீட்டுக்கு வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று இவர் மனைவி மலர்க்கொடி குறுக்கே வந்து நின்றிருக்கிறாள். பூவராகன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மச்சான், இது அவ சொன்னதா, நீயா எழுதினதா?"

நானாக எழுதினேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கதைதான் மச்சான், கற்பனை என்று சொல்லியிருந்தால் பூவராகன் இவரை நாலு அறை அறைந்துவிட்டுப் போயிருப்பார். நம்பவும் செய்திருப்பார், நம்பத்தான் அவர் அங்கே வந்து நின்றார். இளவரசு, "நான் பேர மாத்திட்டனே மச்சான்" என்றார்.

பூவராகன் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பொன்னியை அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மகனைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். அவள் ஆக்கி வைத்த சோறு இரண்டு வாரம் அப்படியே இருந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் அவள் ஒரு துணிப்பையோடு பஸ் ஏறிவிட்டாள். மீன் விற்கப் போன பழக்கத்தில் காடாம்புலியூரில் இருசம்மாள் என்று ஒருத்தி அவளுக்கு இருந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. அங்கேயே தங்கிவிட்டாள். மகனை அவள் கேட்கவில்லை. கேட்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தாளாம், இருசம்மாள் சொல்லித் தெரிந்தது.

சபையில் யாரும் இளவரசுவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. விதிப்படி பெயர் மாற்றியிருக்கிறது, முடிந்தது. பட்டமளிப்புக்கு அவர் போகவில்லை, சான்றிதழைத் தபாலில் அனுப்பினார்கள். தண்டனை குப்பத்தில்தான் கிடைத்தது. யாரும் அவரோடு சண்டை போடவில்லை, ஒதுக்கவும் இல்லை. போனால் உட்காரச் சொல்வார்கள், டீ கொடுப்பார்கள். மீன்பாடு, டீசல் விலை, காற்று என்று பேசுவார்கள். எப்படி இருக்கீங்க என்று கேட்டால் "நல்லா இருக்கறோம்" என்பார்கள். ஒரு தடவை என் கடையில் உட்கார்ந்து சொன்னார்: "தர்மகர்த்தா பொண்டாட்டிக்கு கேன்சருன்னு ஊரே பேசுது மணி. நான் போயி கேட்டா, லேசா காய்ச்சல்ங்கறார். அவுங்களுக்கு நான் இப்ப பேப்பர்காரன்." அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு என் கடையில் குலுங்கியதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்.

2011 கடைசியில் சபையிலிருந்து கடிதம் வந்தது. வரும் ஜனவரி கடைசி ஞாயிறு ஐந்து பேருக்குக் குருப்பட்டம், அதில் இவர் ஒருவர். பட்டாபிஷேக முறைமைப் புத்தகத்தையும் அனுப்பியிருந்தார்கள். பேராயர் கேட்கும் கேள்விகளும், இவர்கள் சொல்ல வேண்டிய பதில்களும் அதில் இருந்தன. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து நான்காவது கேள்வியைக் காட்டினார். உன்னை நம்பி அறிக்கையிடப்படுகிறதைச் சாகுமட்டும் உன் உள்ளத்திலேயே வைத்துக் காப்பாயா? தேவ ஒத்தாசையினால் காப்பேன்.

"இதுக்கு நான் என்னா சொல்றது?" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "காப்பேன்னு சொல்லுங்க. இனிமே காப்பீங்க இல்ல? எல்லாரும் சொல்றதுதான. பதினஞ்சு வருஷ ஆசைய ஒரு கேள்விக்காகவா வுடுவீங்க?" என்று கத்தினேன். அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த வாரமே 'தானே' புயல் அடித்தது. கடலூரில் கரண்டு கம்பம் ஒன்றுகூட நிற்கவில்லை. குப்பத்தில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை. இளவரசு வீடு வீடாகப் போனார். கூரை இல்லாத வீட்டு வாசலில் நின்றுகொண்டு "நல்லாத்தான் இருக்கறோம், நீங்க போயி மத்தவங்கள பாருங்க" என்றார்கள்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு அவர் போன் செய்தார். "காடாம்புலியூர் போவணும் மணி, கூட வரியா?" அதுவரை ஒரு வருஷமாக அவர் அங்கே போகவில்லை. துணிச்சல் இல்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு கடலூர் போய் அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டேன். நெல்லிக்குப்பம் தாண்டும் வரை கரும்பு தரையோடு படுத்துக் கிடந்தது. பண்ருட்டிக்கு அப்புறம் முந்திரித் தோப்பு, பலா எல்லாம் வேரோடு. மரத்தை அறுக்கும் சத்தம் வழியெல்லாம் கேட்டது. அவர் ஒரு மஞ்சள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

இருசம்மாள் வீட்டுக்கும் கூரை போயிருந்தது. நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். பொன்னி வெளியே உட்கார்ந்து, புயலில் நனைந்துபோன பழைய முந்திரிக்கொட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கொட்டைப் பால் பட்டு விரலெல்லாம் கறுத்திருந்தது. முப்பத்தைந்து வயசுதான் இருக்கும். எழுந்திருக்கவில்லை. "வாண்ணா" என்றாள்.

இளவரசு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். "என்ன மன்னிச்சிடுன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார். "அன்னிக்கு உன்ன பாக்கணும்னு நான் வரல பொன்னி. பத்து எழுதணும், ஒம்போது ஆச்சி. ஒண்ணு கொறையுதேன்னுதான் வந்தேன்."

அவள் கொட்டையைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். "என் பக்கத்துல நீ உக்காந்துக்கினு இருந்தன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "எல்லாரும் படிச்சிட்டாங்க. எனக்குத்தான் படிக்கத் தெரியாது. என்னா எழுதுனன்னு படி, கேக்கறேன்" என்றாள்.

மஞ்சள் பையில் ஆய்வேடுதான் இருந்தது. நான் பைண்டு செய்து தங்க எழுத்து போட்டது. வேண்டாம் என்று நான் தலையாட்டினேன். அவர் எண்பத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்துப் படித்தார். பெ ஒன்று, ஊ ஒன்று என்று எண்ணையும் சேர்த்தே படித்தார், விட்டுவிட்டுப் படிக்க அவருக்குத் தோன்றவில்லை. எட்டாவது வந்தபோதும் நிறுத்தாமல் படித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, கையில் கொட்டைப் பால். கடைசியில் அந்த மதிப்பீட்டுப் பத்தி. "இவ்வுரையாடலில் ஊழியர் குறுக்கிடாமல் கவனித்தார். குழந்தை அ-வின் மரணம் குறித்த குற்றவுணர்வு வெளிப்பட்டதால் தாயார் ஆறுதல் அடைந்தார். ஊழியரின் செயல்பாடு நிறைவாக இருந்தது."

நான் அடித்த வரிகள்தான். அவற்றைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க எனக்குக் கூசியது.

"எல்லாம் நான் சொன்னதுதான்" என்றாள் பொன்னி. "ஒண்ணும் தப்பா எழுதல." முந்தானையை எடுத்துக் கையைத் துடைத்தாள். "கொழந்த அ-ன்னு வருதே, அது யாரு?"

இளவரசு புத்தகத்தை மூடினார்.

"எம் பொண்ணா?"

"பேர மாத்தணும்னு விதி" என்றார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நான்தான்னு ஊருக்கே தெரிஞ்சிபோச்சி. அவர்க்கும் தெரிஞ்சிபோச்சி, எம் புள்ளைக்கும் தெரிஞ்சிபோச்சி. யாருக்குண்ணா மறைச்ச?" அவள் சத்தம் போடவில்லை. "அவ பேரு இளமதி. உம் பேர்ல பாதிய வெக்கணும்னு அவருதான் ஆசப்பட்டு வெச்சாரு. அந்தப் பேர ஒருத்தரும் சொல்றதில்ல. நான் அழுவேன்னு சொல்றதில்ல. புஸ்தகத்துலயாவது இருந்திருக்கும்னு நெனச்சேன்."

என் சட்டைப் பையில் பேனா இருந்தது. அவர் கையை நீட்டினார், கொடுத்தேன். தரையில் புத்தகத்தை வைத்து, 'குழந்தை அ' என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் அடித்துவிட்டு மேலே இளமதி என்று எழுதினார். பதினொரு இடம். மண் தரையில் எழுத்து கோணலாக விழுந்தது. பொன்னி குனிந்து ஒவ்வொன்றாகக் கறுத்த விரலால் தொட்டுப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது என்கிட்ட இருக்கட்டும்."

இளவரசு தலையாட்டினார். எழுந்து நின்றும் அவருக்குக் கிளம்ப மனசு வரவில்லை. அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார், நானும் காத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் வாசலுக்கு வந்தவரைப் பகையாளியாக இருந்தாலும் போய்ட்டு வா என்றுதான் சொல்லி அனுப்புவார்கள், வெறுமனே போ என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"போண்ணா" என்றாள் பொன்னி.